ஆர்டர் குறைந்த மாதத்தில் லைன் நடத்துவது எப்படி? புது சூப்பர்வைசருக்கு

"அண்ணா, அடுத்த வாரம் வேலை இருக்குங்களா?"

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாக லைன் (வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் குழு) சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள் என்றால், இந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடம் வந்தே தீரும். எனக்கு இது பெரிய அளவில் வந்தது 2025 ஆகஸ்டில். அந்த மாதம் 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது. 27ஆம் தேதி இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. இந்த ஊரிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்போது அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர் கொடுத்த சில பையர்கள் ஷிப்மெண்டை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், சிலர் தள்ளுபடி கேட்டார்கள். மறுநாள் காலை டீக்கு முன்னாலேயே என் லைனில் நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது.

அப்படிப் பதில் தெரியாத வாரங்களில் லைனை எப்படி நடத்துவது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் சூப்பர்வைசர் ஆனது 2011இல். சாயப்பட்டறை மூடல், பணமதிப்பிழப்பு, ஊரடங்கு, நூல் விலை ஏற்றம், கடைசியாக இந்த வரி என்று வரிசையாகப் பார்த்தாயிற்று. இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நாளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று லைனில் இருப்பவர்களால் இன்றைக்கே சொல்ல முடிந்தால், அவர்கள் உங்களை நிதானமான ஆள் என்பார்கள். சத்தம் போடுகிற சூப்பர்வைசரைக்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், எப்போதும் ஒரே காரணத்துக்குச் சத்தம் போட்டால்.

1. வாயைத் திறப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

வேலை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கம்பெனிக்குள்ளேயே கிடக்கிறது. அதைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. சனிக்கிழமை மதியம் புரொடக்‌ஷன் மேனேஜரையோ, பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரையோ பிடித்து நான்கு விஷயம் கேளுங்கள். கட்டிங் முடிந்து எத்தனை பீஸ் தைக்கக் காத்திருக்கிறது? அடுத்த ஆர்டருக்கான துணி எங்கே இருக்கிறது, நிட்டிங்கிலா, சாயத்திலா, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது) முடிந்து வந்துவிட்டதா? ஷிப்மெண்ட் தேதி உறுதியா, நிறுத்தி வைத்ததா? அதற்கடுத்த ஆர்டர் பேச்சில்தான் இருக்கிறதா, பி.ஓ. (எழுத்தில் வரும் பர்ச்சேஸ் ஆர்டர்) கைக்கு வந்துவிட்டதா?

இப்போது வகுத்துப் பாருங்கள். 18,000 பீஸ் பாக்கி, உங்கள் லைன் ஒரு நாளைக்கு 1,200 எடுக்கிறது என்றால் 15 வேலை நாள் கையில் இருக்கிறது. சாயத்தில் இருக்கும் துணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வந்தால் வரவு, அவ்வளவுதான். இந்தப் பதினைந்து என்ற எண் உங்களுக்குப் பெரிய ஆயுதம். பயந்து போயிருப்பவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்வதும், "பதினஞ்சு நாளுக்குத் துணி இருக்குதுக்கா" என்று சொல்வதும் ஒன்றாகாது. வீட்டு வாடகையை எப்படிக் கொடுப்பது என்று அவர் அந்த எண்ணை வைத்துத்தான் யோசிப்பார்.

மேனேஜர் முதல் வாரம் எரிச்சல்படுவார். "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்பார். மூன்றாவது வாரம் அவரே பேப்பரில் எழுதி வைத்திருப்பார்.

2. திங்கட்கிழமை, மெஷின் ஓடுவதற்கு முன், ஐந்து நிமிடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் தவறு செய்தது இங்கேதான்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போது நான் சூப்பர்வைசர் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. துணி சாயம் போட வழியில்லை என்றால் தைக்க என்ன இருக்கும்? ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றேன். தைரியம் சொல்வதுதான் தலைவன் வேலை என்று நினைத்திருந்தேன்.

பத்தே நாளில் துணி நின்றது. லைனில் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடினோம். கைமடி வேலை (டெய்லருக்குக் கை உதவி) பார்த்த ஒரு அக்கா என்னிடம் வந்தார். உள்நாட்டு வியாபாரத்துக்கு வெள்ளைப் பனியன் மட்டும் தைக்கிற ஒரு கம்பெனியில் அவரை முந்தைய வாரம் கூப்பிட்டிருந்தார்களாம். வெள்ளைப் பனியனுக்குச் சாயப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. "நீங்க ஒண்ணும் ஆகாதுன்னீங்கல்ல தம்பி, அதான் போகல" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் பழக்கப்படுத்திக்கொண்டது இது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, மெஷின் சுவிட்ச் போடுவதற்கு முன்னால், லைனின் முன்பக்கம் நின்று மூன்று விஷயம் மட்டும் சொல்வேன். தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வேன் என்பது. உதாரணமாக:

"கையில் பதினஞ்சு நாளைக்குத் துணி இருக்குதுங்க. அதுக்கப்புறம் வர வேண்டிய ஆர்டர் இன்னும் உறுதி ஆகல. சனிக்கிழமை மேனேஜரைப் பார்ப்பேன், அடுத்த திங்கட்கிழமை இதே நேரத்துக்குச் சொல்றேன். இதுக்கு நடுவுல வேற கம்பெனியில கூப்பிட்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

இதில் கடைசி இரண்டு வாக்கியம் முதலாளிக்குப் பிடிக்காது. அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். சொல்லாமல் போகிற பத்துப் பேரைவிட, சொல்லிவிட்டுப் போகிற ஐந்து பேரை வைத்து லைனைத் திட்டமிடுவது சுலபம் என்று விளக்குங்கள்.

புதிதாக ஒன்றும் இல்லாத திங்கட்கிழமையும் நில்லுங்கள். "போன வாரம் சொன்னதுதாங்க, மாற்றம் இல்லை" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் நீங்கள் வராமல் போனால் அன்று மதியத்துக்குள் கம்பெனியை விற்றுவிட்டார்கள் என்று கதை கிளம்பிவிடும். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நிஜமாகவே கிளம்பியது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் லைனில் இருந்தால் அதே ஐந்து நிமிடத்தில் இந்தி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்ல வையுங்கள். டீ டைமில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர்கள் காதுக்குப் போவது வேறு செய்தியாக இருக்கும்.

3. வேலையைப் பங்கு போடும் விதியை எழுதி ஒட்டுங்கள்

துணி குறைந்ததும் வருகிற முதல் சிக்கல், யாருக்கு எத்தனை நாள் வேலை என்பது. உங்கள் கை தானாகவே நல்ல டெய்லர் பக்கம், எதிர்த்துப் பேசாதவர் பக்கம், சொந்த ஊர்க்காரர் பக்கம் போகும். எனக்கும் போயிற்று. என் மச்சினன் மனைவி அப்போது என் லைனில் ஓவர்லாக் டெய்லர். ஒரு வாரம் எல்லோருக்கும் நான்கு நாள், அவருக்கு மட்டும் ஐந்து. அவசரமாக ஒரு சாம்பிள் முடிக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதை யார் நம்புவார்கள்? அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீட்டில் வாங்கிய பேச்சு தனி.

அதனால் சுழற்சி முறை. லைனை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள், கைமடி, செக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு குழுவிலும் ஆள் இருக்க வேண்டும். எந்தக் குழு எந்த நாள் என்று பதினைந்து நாளுக்கு எழுதி, டைம் கார்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசரச் சாம்பிள் வந்தால் அன்றைக்கு முறை உள்ள குழுவில் இருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒட்டிய பிறகு பதினைந்து நாள் முடியும்வரை யாருக்காகவும் மாற்றாதீர்கள். உங்கள் மச்சினன் மனைவிக்காகவும்.

பங்கு போடும்போது பல சூப்பர்வைசர்கள் கவனிக்காத ஒன்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால்தான், அதற்குரிய பலன் காலத்தில் உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை வாங்கலாம். இப்போது பெருக்கிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு 26 வாரம். வாரம் மூன்று நாள் வேலை என்றால் சரியாக 78. நடுவில் ஒரே ஒரு நாள் லீவு போட்டாலும் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்.

ஆகவே பட்டியல் போடும் முன் ஆபீசில் கேட்டு ஒவ்வொருவருக்கும் இதுவரை எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். செப்டம்பர் நடுவில் ஒருவர் 74இல் நின்றால் அவருக்கு நான்கு நாள் கொடுக்க வழி பாருங்கள். இதுவும் விதிதான், அதனால் இதையும் பட்டியலில் எழுதுங்கள். எழுதாமல் செய்தால் அது சலுகை என்று ஆகிவிடும். 2025 செப்டம்பரில் நாங்கள் அப்படி மூன்று பேருக்குக் கூடுதல் நாள் கொடுத்தோம். ஏன் என்று பலகையில் இருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மீதி நாளில் பக்கத்துச் சந்தில் இருக்கும் பவர் டேபிளுக்கு (சின்னத் தையல் யூனிட்) போய் பீஸ் ரேட்டில் தைப்பார்கள். போகட்டும். தடுத்தால் மொத்தமாகப் போய்விடுவார்கள்.

4. சம்பளம் தள்ளிப் போனால் வியாழக்கிழமையே சொல்லுங்கள்

இந்த ஊரில் வாரம் முடிவது சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தோடு. அந்தக் காசு கைக்கு வருவதற்கு முன்னாலேயே அதற்கு வேலை இருக்கிறது: ஏலச்சீட்டு, மகளிர் குழுத் தவணை, வார வட்டி, மளிகைப் பாக்கி. சனிக்கிழமை ஆறு மணிக்கு "இந்த வாரம் பாதிதான்" என்று சொன்னால், அவர் வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு அவர் என்ன பதில் சொல்வார்? வியாழக்கிழமை சொன்னால் இரண்டு நாள் இருக்கும். யாரிடமாவது பேசிக்கொள்ளலாம்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு, 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாது என்றார்கள். அப்போதெல்லாம் சம்பளம் கவரில் ரொக்கம்தான். புதன்கிழமை முழுக்க முதலாளி போனிலேயே இருந்தார். வியாழக்கிழமை டீ டைமில் அவரையே லைனுக்கு வரச் சொன்னேன். கையில் இருக்கிற நூறு ரூபாய்த் தாளை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது, மீதியை பேங்க் கணக்கில் போடுவது, கணக்கு இல்லாதவருக்கு ஆபீசில் உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுப்பது என்று அங்கேயே முடிவானது. சனிக்கிழமை யாரும் சந்தோஷமாகப் போகவில்லை. ஆனால் கேட்டில் சத்தம் இல்லை.

உங்கள் சொந்தப் பணத்தை எடுத்து முன்பணம் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சாகத் தோன்றும். முதல் ஆளுக்குக் கொடுத்து ஏழாவது ஆளுக்கு இல்லை என்னும்போது புரியும். கம்பெனி முன்பணம் எவ்வளவு, யாருக்கு, எப்போது பிடிப்பார்கள் என்று கேட்டு அதைச் சொல்லுங்கள்.

தீபாவளி போனஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் எது என்று நிர்வாகம் முடிவு செய்யும்வரை உங்கள் வாயிலிருந்து எந்த எண்ணும் வரக்கூடாது, ஊகமாகக்கூட. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன எண் ஒரு மணி நேரத்தில் கம்பெனியின் வாக்குறுதி ஆகிவிடும்.

5. வதந்தி வந்தால்

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போன் போனாகப் பரவின. வேறு எங்கோ நடந்த சண்டையை எடுத்து இங்கே நடந்ததாகச் சொன்னார்கள். போலீஸ் மறுத்தது, இந்தியில் பேசும் உதவி எண்களைக் கொடுத்தது, பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. ஆனால் எங்கள் விடுதியில் இருந்த பையனுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. அவன் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்கிறார், அதுதான் முக்கியம்.

நான் முதலில் செய்தது, "எல்லாம் பொய், போய் வேலையைப் பாருங்க" என்று சொன்னது. ஒரு பயனும் இல்லை. அப்புறம் சாயங்காலம் விடுதிக்கே போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வீடியோ காலில் பேசச் சொன்னேன், தெருவைக் காட்டச் சொன்னேன், என்னையும் காட்டினார்கள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியைக் கேட்டு ஒரு பாட்டி சிரித்துவிட்டார். மூன்று நாள் தொடர்ந்து அதே நேரத்துக்குப் போனேன். ஹோலி அந்த வருஷம் மார்ச் 8. எப்படியும் ஊருக்குப் போவேன் என்றவர்களுக்குக் கணக்கை முடித்துச் சம்பளம் கொடுத்து அனுப்பினோம். சம்பளத்தைப் பிடித்து வைத்தால் இருந்துவிடுவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்திருந்தால் அந்த வீடியோவில் சொன்னதில் பாதியை நாமே உண்மையாக்கியது போல ஆகியிருக்கும். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

6. திங்கட்கிழமை ரிஜெக்ட், ஷிப்மெண்ட் இரவில் பாஸ்?

நெருக்கடியில் உங்கள் நிதானம் உடையும் இடம் செக்கிங் டேபிள். பையர் தள்ளுபடி கேட்கிறார், முதலாளி மேனேஜரிடம் கத்துகிறார், மேனேஜர் உங்களிடம் கத்துகிறார், நாளை காலை லாரி. திங்கட்கிழமை கழுத்துத் தையல் நெளிந்திருக்கிறது என்று நீங்கள் ஆல்டருக்கு (பிரித்துத் திருத்தித் தைக்க) திருப்பிய அதே மாதிரி பீஸை இப்போது பாஸ் செய்யச் சொல்கிறீர்கள். செக்கிங்கில் இருக்கும் பெண் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் எதையும் நிறுத்த மாட்டார், அவ்வளவுதான்.

இதற்கு வழி, அளவை உங்கள் தலையில் வைத்துக்கொள்ளாமல் டேபிளில் வைப்பது. மெர்ச்சண்டைசரும் தரம் பார்க்கும் கியூ.சி.யும் கையெழுத்துப் போட்ட ஒரு நல்ல பீஸ், ஏற்றுக்கொள்ளக்கூடிய கடைசி எல்லையில் ஒரு பீஸ், இரண்டையும் டேபிளுக்கு மேலே தொங்கவிடுங்கள். அளவைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால் மேலே இருப்பவர் வந்து புதுப் பீஸில் கையெழுத்துப் போட்டு மாட்டட்டும். கையெழுத்து என்றதும் பாதிப்பேர் பின்வாங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

கத்தல் விஷயத்திலும் ஒன்று. திட்டு வாங்கிய சூட்டோடு லைனுக்குள் போகாதீர்கள். நான் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவேன். டீ இல்லாத நேரம் என்றால் ஸ்டோருக்குப் போய் நூல் கோன் எண்ணுவேன். ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்ததுமே "இன்னைக்கு யாருங்ண்ணா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

முதலாளியோடு கருத்து வேறுபாடு இருந்தால் அவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முழுக்கச் சொல்லிவிடுங்கள். வெளியே வந்து "நான் என்ன செய்யட்டும், அவர் சொல்றார்" என்று கை விரிப்பதை லைன் இரண்டு தடவைதான் கேட்கும்.

7. ஆளை அனுப்ப வேண்டி வந்தால்

எல்லாம் செய்தும் சில மாதங்களில் இது வரும். சனிக்கிழமை சம்பளக் கவரோடு சொல்லாதீர்கள். வாரத்தின் நடுவில், தனியாகக் கூப்பிட்டு, நீங்களே சொல்லுங்கள். டைம் ஆபீஸ் பையனை விட்டுச் சொல்ல வைப்பது கோழைத்தனம். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கம்பெனி நிலவரம், உலக நிலவரம் என்று சுற்றி வளைத்தால் அவர் தவிப்புதான் கூடும். அவர் அழலாம், கோபப்படலாம். பதில் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

அனுப்பும் முன் அவர் கையில் இருக்க வேண்டியவை: பாக்கிச் சம்பளக் கணக்கு எழுத்தில், சேர வேண்டிய போனஸ் எப்போது என்ற தேதி, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை ஆபீஸ் ஏற்றிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அது ஏறாமல் பி.எஃப். பணம் எடுக்கப் போய் மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முடிந்தால் ஆர்டர் இருக்கிற இரண்டு கம்பெனியில் விசாரித்து வைத்துவிட்டுப் பேசுங்கள்.

பிறகு ஒரு நோட்டு. பெயர், போன் நம்பர், என்ன மெஷின், எந்தத் தேதியில் போனார். 2011இல் என்னிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. சாயப்பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து துணி வர ஆரம்பித்தபோது அந்தக் கைமடி அக்காவைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இப்போது இருக்கிறது. புது பி.ஓ. வந்தால் அதை எடுத்து மேலிருந்து வரிசையாக போன் போடுகிறேன். நன்றாகத் தைப்பவர் நடுப்பக்கத்தில் இருப்பார், விரல் அங்கேதான் போகும். ஆனாலும் முதலில் போனவருக்குத்தான் முதல் போன்.